யாரைக் கேட்டு போர் போட்டார்கள்? – வாசகர்களின் தண்ணீர்க் கேள்விகள்

கிணறு, போர் (ஆழ்துளைக் கிணறு), லாரித் தண்ணீர் பற்றிய கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவை. நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நிலவியலாளர் ஒருவர் பதில் எழுதுகிறார்.

எங்கள் வீட்டில் மாமனார் காலத்து உறை கிணறு இருக்கிறது. இருபது அடியில் எப்போதும் தண்ணீர் நிற்கும். 2019 வறட்சியில்கூட அடி தெரிந்ததில்லை. பக்கத்து மனையில் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் இரண்டு போர் போட்டு இரவு பகலாக இறைக்கிறார்கள். எங்கள் கிணறு இறங்கிவிட்டது, இருக்கிற தண்ணீரும் கரிக்கிறது. கேட்டால், "எங்க இடம், எங்க தண்ணி" என்கிறார் பில்டர். அவர் சொல்வது சரியா?
– வாசகி, திருவான்மியூர்

இந்தப் பேச்சைப் பணிக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன் அம்மா. அதற்கு ஒரு சட்ட அடிப்படையும் உண்டு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், குறிப்பிட்ட ஓட்டப்பாதை இல்லாமல் நிலத்துக்கடியில் இருக்கும் நீரை நிலத்துக்காரர் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஏற்றமும் கமலையும் வைத்து இறைத்த காலத்தில் எழுதியது அது. மாடு களைத்தால் இறைப்பு நிற்கும், விடிவதற்குள் பக்கத்துக் கிணறு ஊறிவிடும். சப்மெர்சிபிள் மோட்டாருக்குக் களைப்பே கிடையாது.

சென்னையில் அந்த வாதம் செல்லாது. சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987இல் நிறைவேறி, 1988 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நகரத்துக்கும், அதைச் சுற்றி அட்டவணையில் சேர்த்த முந்நூறு சொச்சம் கிராமங்களுக்கும் இது பொருந்தும். இந்தப் பகுதிக்குள் கிணறு வெட்டவோ போர் போடவோ முன்அனுமதி வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கிணறுகளைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டு உபயோகம் தவிர வேறு எதற்கு நிலத்தடி நீரை எடுத்தாலும் உரிமம் வேண்டும். லாரியில் ஏற்றிக்கொண்டு போவதற்குத் தனி உரிமம். நகரத்துக்குள் இவற்றைத் தருவது சென்னைக் குடிநீர் வாரியம். அட்டவணைக் கிராமங்களில் வருவாய்த்துறை அதிகாரி கையெழுத்துப் போடுவார், வாரியத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் வந்த பிறகு.

இந்த அனுமதியை வீட்டுவரி ரசீது மாதிரி, பணம் கட்டினால் கிடைக்கும் தாளாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது, தண்ணீர் எதற்கு, அக்கம்பக்கத்தில் அதே நீரை நம்பி இன்னும் யார் இருக்கிறார்கள், அங்கே எவ்வளவு கிடைக்கும், புதுக் கிணற்றால் மற்றவர்களின் நீருக்கு என்ன ஆகும் என்பதையெல்லாம் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த "மற்றவர்கள்" நீங்கள்தான் அம்மா. போர் அனுமதி என்ற ஏற்பாடே பக்கத்து வீட்டுக்காரருக்காக உண்டானது. நிலத்தடி நீர் பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து. ஒருவர் தன் பங்குக்கு மேல் எடுத்தால் அது அடுத்த பங்காளியின் பங்கு.

உங்கள் கிணறு கரிப்பதற்கான காரணத்தையும் சொல்கிறேன். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடலோரத்தில் மேலே மணல், கீழே பாறை. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கடலோர மணலுக்கான கணக்கு. மேல்மட்டம் ஓரடி இறங்கினால், அடியிலிருந்து உப்புநீர் நாற்பது அடி ஏறுவதற்கு வழி கிடைக்கும். கட்டுமான வேலைக்காக இரவு பகலாக இறைக்கும் இடத்தில் அதுதான் நடக்கிறது. ஒரு நல்ல வடகிழக்குப் பருவமழை கிணற்று மட்டத்தை மீட்டுவிடும். உப்பு ஏறிய மணல் மீள்வதற்குப் பல மழைக்காலம் ஆகும். அதனால்தான் பொறுத்திருங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலில் கிணற்றை அளந்து எழுதி வையுங்கள். ஒரு நைலான் கயிற்றில் கனமான இரும்பு வளையத்தைக் கட்டி, விடியற்காலையில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன்பு இறக்குங்கள். வளையம் தண்ணீரைத் தொடும் ஓசை கேட்கும். அந்த இடத்தில் கிணற்று விளிம்புக்கு நேராகக் கயிற்றைப் பிடித்து, வெளியே எடுத்து டேப்பால் அளங்கள். நாங்கள் எஃகு டேப்பில் சுண்ணக்கட்டி தடவி இறக்குவோம், நனைந்த இடத்தில் நிறம் மாறியிருக்கும். உங்களுக்குக் கயிறு போதும். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கூடத்தில் கொடுத்து, டி.டி.எஸ்.ஸும் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) குளோரைடும் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம், குளோரைடு 250. வேறு வழியே இல்லாவிட்டால் முறையே 2,000, 1,000 வரை போகலாம். "தண்ணி கரிக்குது" என்று எழுதிய புகாரைவிட, அளவும் தேதியும் உள்ள புகாருக்கு அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

பிறகு அடையாறில் இருக்கும் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில், பக்கத்து மனையின் இரண்டு போர்களுக்கும் அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) தந்த கட்டட அனுமதியைக் காட்டினால் மயங்க வேண்டாம், அது வேறு, இது வேறு. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை பகுதி அலுவலகத்தில் குறைகேட்புக் கூட்டம் நடக்கும். நோட்டோடு போங்கள், தெருவில் கிணறு வைத்திருக்கும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நாங்கள் மூன்று பேர்தான். மேல்தொட்டிக்கு ஏற்ற சின்ன மோட்டார் வைத்த போர் ஒன்று இருக்கிறது. இதற்கும் உரிமம் வாங்கி மாளுமா?
– வாசகர், கொளத்தூர்

குளிக்க, துவைக்க, சமைக்க எடுக்கும் தண்ணீருக்கு எடுப்பு உரிமம் வேண்டியதில்லை ஐயா. புதிதாகப் போர் போடுவதென்றால்தான் முன்அனுமதி வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள். கூடவே, 2003 அவசரச் சட்டத்துக்குப் பிறகு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான மழைநீர் சேகரிப்பு உங்கள் வீட்டில் இன்னும் வேலை செய்கிறதா என்று மொட்டை மாடிக் குழாயைப் பின்தொடர்ந்து பாருங்கள். பல வீடுகளில் அந்தக் குழாய் இப்போது தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. தொட்டியில் போட்ட ஜல்லியில் சேறு அடைத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். செப்டம்பரில் ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட்டால் போதும்.

எங்கள் குடியிருப்பில் இருநூறு வீடுகள். வாரியத்துக் குழாய் இன்னும் வரவில்லை. தினமும் லாரித் தண்ணீர்தான். சங்கச் செயலாளராக நான் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுக்கிறேன். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இது சட்டப்படியானதா என்று எனக்குத் தெரிய வேண்டாமா?
– வாசகர், நாவலூர்

கட்டாயம் தெரிய வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர் இப்படிக் கேட்பது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

லாரி தண்ணீர் பிடிக்கும் இடங்களுக்கு வேலை நிமித்தம் போயிருக்கிறேன். ஊருக்கு வெளியே வயலும் மனையும் கலந்து கிடக்கும் இடம். ஒரு பெரிய கிணறு அல்லது வரிசையாக நாலைந்து போர்கள். அவற்றிலிருந்து தரையோடு ஓடும் கறுப்பு ஹெச்.டி.பி.ஈ. குழாய்கள் ஒரு சிமென்ட் தொட்டிக்குப் போகும். தொட்டியிலிருந்து மேலே எழும்பி வளைந்த குழாயில் ரப்பர் ஹோஸ் கட்டியிருக்கும். லாரி அதன் கீழே வந்து நின்றதும் கிளீனர் பையன் மேலே ஏறி மூடியைத் திறந்து ஹோஸை உள்ளே விடுவான். 12,000 லிட்டர் நிரம்பச் சில நிமிடங்கள் போதும். அடுத்த வண்டி பின்னால் காத்திருக்கும். அதே இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஊராட்சித் தொட்டிக்குக் கீழே, அந்த ஊர்ப் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிற்பார்கள். ஒரே நிலத்தடி நீர்தான். நாவலூரில் நீங்கள் திறக்கும் குழாயும் அந்தக் குடங்களும் ஒரே கணக்கில் இருப்பவை.

இதற்கு இரண்டு தாள்கள் இருக்க வேண்டும். கிணற்றிலிருந்து வணிகத்துக்காக எடுப்பதற்கு ஓர் உரிமம், லாரியில் கொண்டுபோவதற்கு இன்னொன்று. லாரியின் ஆர்.சி. புத்தகத்தையோ ஊராட்சியில் கட்டிய ரசீதையோ காட்டினால் போதாது. சங்கம் போடும் ஒப்பந்தத்தில், எந்த ஊர், எந்தச் சர்வே எண், எந்த உரிமம் என்று எழுதச் சொல்லுங்கள். "எல்லாம் ஒரு இடத்துல புடிக்கிறது சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். உரிமத்தின் காலம் முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

இதில் நீதிமன்றம் என்ன சொன்னது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2014 ஜூலையில் அன்றைய பொதுப்பணித்துறை அரசாணை 142ஐ வெளியிட்டு, தொழிலுக்காக நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தியது. குடிநீர் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2018 அக்டோபர் 3 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் அரசாணை செல்லும் என்று தீர்ப்பளித்தார். அதோடு, உரிமம் இல்லாமல் எடுப்பவர்கள் மீது அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379ஆவது பிரிவில், அதாவது திருட்டு வழக்குப் போடலாம் என்றார். உடனே லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், உங்கள் பகுதிக் குடியிருப்புகள் தவித்தன. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் நிலத்துக்கடியில் இருக்கும் நீர் எடுத்தவருக்கே சொந்தம் என்ற பேச்சுக்கு ஒரு நீதிமன்றம் திருட்டு என்ற பெயரைக் கொடுத்தது சரியான காரியம் என்றே நினைக்கிறேன்.

ஒன்று செய்யலாம். இருநூறு வீட்டுக் குடியிருப்பில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். அது ஓடுகிறதா? அந்த நீர் கழிப்பறைத் தொட்டிக்கும் தோட்டத்துக்கும் போகிறதா? பல இடங்களில் அதற்கான இரண்டாவது குழாய்வரிசை போட்டதோடு சரி, யாரும் திறந்ததில்லை. அதைத் திறந்தாலே நாளுக்குச் சில லாரிகள் குறையும்.

கேன் தண்ணீர் வாங்குகிறோம். மேலே உரிம எண், முத்திரை எல்லாம் அச்சிட்டிருக்கிறது. அப்படியானால் அது அரசு அனுமதித்த தண்ணீர்தானே?
– வாசகி, ஆவடி

கேனில் அச்சிட்டிருப்பது உணவுப் பாதுகாப்பும் தரமும் பற்றியது. தண்ணீர் குடிக்கத் தகுந்ததா என்பதற்கு அது பதில். எந்த நிலத்திலிருந்து, யார் அனுமதியோடு எடுத்தார்கள் என்பதற்குத் தனியாக நிலத்தடி நீர்த் தடையின்மைச் சான்று வேண்டும். அதைக் கேனில் போடமாட்டார்கள். போடச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பூண்டி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். கிணற்றில் நல்ல தண்ணீர். நெல் போட்டால் கைக்காசு போகிறது. லாரிக்கு மணிக்கணக்கில் தண்ணீர் விட்டால் குடும்பம் நடக்கிறது. சென்னையில் பஞ்சம் வந்தபோது வாரியமே விவசாயிகளிடம் தண்ணீர் வாங்கியது. அப்போது தப்பில்லை, இப்போது நான் செய்தால் தப்பா?
– விவசாயி, திருவள்ளூர் மாவட்டம்

ஐயா, உங்கள் கடிதத்தை நான் இரண்டு மூன்று முறை படித்தேன். நெல்லுக்கு உரிய விலை கிடைத்தால் யாரும் கிணற்றை விற்கமாட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வாரியம் வாங்கியது உண்மை. பஞ்ச காலத்தில் பூண்டி, தாமரைப்பாக்கம் பக்கத்து விவசாயக் கிணறுகளை வாடகைக்கு எடுத்து, மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துக் குழாயில் சென்னைக்குக் கொண்டு போனார்கள். அப்போதே அக்கம்பக்கத்து விவசாயிகள் எதிர்த்ததும் உண்மை. கிணறு இல்லாதவர்களுக்கும், ஆழம் குறைந்த கிணறு வைத்திருந்தவர்களுக்கும் அந்தப் பணத்தில் பங்கு வரவில்லை. தண்ணீர் மட்டும் அவர்கள் நிலத்துக்கடியிலிருந்தும் போனது.

நீங்கள் விற்பதிலும் அதே கேள்விதான் இருக்கிறது. உங்கள் ஊர் அட்டவணையில் இருந்தால், விற்பதற்கு உரிமம் கட்டாயம். அட்டவணையில் இல்லாவிட்டாலும் அரசாணை 142 இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விவசாயத்துக்குத் தரும் இலவச மின்சாரத்தில் இறைத்து லாரிக்கு விற்பது மின்வாரிய விதிக்கும் எதிரானது. பிடிபட்டால் இணைப்பையே இழப்பீர்கள், பிறகு நிலத்துக்கும் தண்ணீர் இருக்காது. கொசஸ்தலையாற்றுப் படுகையில் உங்கள் ஊர் விவசாயிகள் சேர்ந்து ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பிப்ரவரியிலும் மே கடைசியிலும் எல்லாக் கிணறுகளின் நீர்மட்டத்தையும் அளந்து எழுதுவது. இரண்டுக்கும் நடுவில் விழும் இறக்கத்தைப் பார்த்தால், எவ்வளவு வெளியே விடலாம் என்பதை ஊரே தீர்மானிக்கலாம். அந்த நோட்டை வைத்துக்கொண்டு உரிமம் கேட்டால், கொடுப்பவருக்கும் எவ்வளவுக்குக் கொடுப்பது என்று தெரியும்.

எங்கள் ஊரில் அறுபதுகளின் கடைசியிலேயே போர் போட்டு மணலி கம்பெனிகளுக்கும் சென்னைக்கும் தண்ணீர் எடுத்தார்கள். இப்போது எங்கள் வயல் கிணறுகளில் உப்பு. எங்களை அனுமதி கேள் என்கிறது வாரியம். வாரியத்தை யார் அனுமதி கேட்கச் சொல்வது?
– வாசகர், மீஞ்சூர்

இத்தனை கடிதங்களில் மிக நியாயமான கேள்வி இது. ஆதங்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள், அதற்கு உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், வயதில் இளைய வாசகர்களுக்குத் தெரியாது. 1960களின் பின்பாதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையை ஆராய்ந்து, பழைய ஆற்று மணல் ஆழத்தில் புதைந்து கிடக்கும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஏராளமான நீர் இருப்பதைக் கண்டார்கள். அங்கே நீர்க்களங்கள், அதாவது ஒரே இடத்தில் பல போர்கள் கொண்ட தொகுப்புகள், அமைத்து இறைக்கத் தொடங்கினார்கள். சென்னைக் குடிநீர் வாரியம் 1978இல்தான் உருவானது. அப்போதே இறைப்பு நடந்துகொண்டிருந்தது, வாரியம் அதைத் தொடர்ந்தது. விவசாயிகளும் அதே நீரைத்தான் இறைத்தார்கள். 1969இல் கடலோரத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உப்பு எல்லை, பிறகு 10 கிலோமீட்டரையும் தாண்டி வந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததற்கு மீஞ்சூரில் ஏறிய உப்பு முக்கியமான காரணம். அதாவது சென்னையில் யார் போர் போட்டாலும் வாங்க வேண்டிய அனுமதிக்கு விலை கொடுத்தவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள்.

அந்தப் பகுதிக் கிணறுகளில், உப்பு கூடக் கூட எண் ஏறிக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை இறக்கிப் பார்த்திருக்கிறேன். மேலே பத்தடி வரை எண் சாதுவாக இருக்கும். ஒயரை இன்னும் கொஞ்சம் விட்டால் எண் திடீரென்று பல மடங்கு எகிறும். நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் இடம் அது. கிணற்றுக்காரர் பக்கத்திலேயே நின்று மானியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அவருக்குச் சொல்லும்போது வார்த்தை வராது.

இனி உங்கள் கேள்வி. வாரியமே நிலத்தடி நீரை எடுக்கிறது, வாரியமே அடுத்தவர் எடுப்பதற்கு அனுமதியும் தருகிறது. இரண்டும் ஒரே கையில் இருப்பது தவறான அமைப்பு என்பது என் உறுதியான கருத்து. கோடையில் ஏரி காய்ந்து, நகரமே குடம் ஏந்தி நிற்கும்போது, குழாயில் தண்ணீர் விட வேண்டிய பொறுப்பில் இருக்கும் அலுவலகம் தன் நீர்க்களத்தில் இறைப்பைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் வந்ததை நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட நெருக்கடியில் எந்த ஒழுங்குமுறையும் பின்னுக்குப் போய்விடும். எடுப்பவர் ஒருவர், அளந்து அனுமதிப்பவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். அந்த இரண்டாமவரின் மேசையில் மீஞ்சூர், பொன்னேரி விவசாயிகளுக்கும் ஓர் இருக்கை வேண்டும்.

வாரியம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவும் மாட்டேன். 2010இல் உங்கள் பக்கத்துக் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 2013இல் நெம்மேலியில் அதே அளவில் ஒன்று. 2024இல் நெம்மேலியிலேயே நாளுக்கு 15 கோடி லிட்டருக்கு மற்றொன்று. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, தலா 4.5 கோடி லிட்டர் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். கொடுங்கையூர் நீர் மணலி, எண்ணூருக்குப் போகிறது. முன்பு உங்கள் வயலுக்கடியிலிருந்து போன இடத்துக்கு இப்போது நகரத்தின் சாக்கடை நீர் சுத்தமாகிப் போகிறது. என் பணிக்காலத்தில் நான் பார்த்த நல்ல மாற்றங்களில் இதை முதலில் வைப்பேன். ஆற்றில் கட்டிய தடுப்பணைகளும் சில இடங்களில் நீர்மட்டத்தை உயர்த்தியிருக்கின்றன. ஆனால் ஏறிய உப்பைத் தள்ள ஆண்டுதோறும் நன்னீர் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதே சமயம் இறைப்பும் குறைய வேண்டும். உங்கள் பகுதி நீர்க்களங்களில் மாதந்தோறும் எவ்வளவு எடுத்தார்கள், உப்பின் அளவு என்ன என்ற இரண்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

சென்னைக்குச் சட்டம் இருக்கிறது, சரி. எங்கள் ஊரில் ஆயிரம் அடி தாண்டிப் போர் போடுகிறார்கள். எங்களுக்கு என்ன இருக்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

மாநிலம் முழுமைக்கும் ஒரு சட்டத்தை 2003இலேயே சட்டமன்றம் நிறைவேற்றியது: தமிழ்நாடு நிலத்தடி நீர் மேம்பாடு மற்றும் மேலாண்மைச் சட்டம். அது ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. 2013இல் நீக்கிவிட்டார்கள். எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம் இது.

நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த இப்போது உங்களுக்கு முக்கியமாக இருப்பது அரசாணை 142. இது தொழிற்சாலைகளையும் குடிநீர் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். வீட்டு போருக்கோ வயல் கிணற்றுக்கோ பொருந்தாது. சான்று தருவது சென்னை தரமணியில் இருக்கும் மாநில நிலம் மற்றும் மேற்பரப்பு நீர்வள ஆதாரங்கள் விவரக் குறிப்பு மையம். உங்கள் பிர்கா (பல வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவு) எந்த வகையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். 2017 மதிப்பீட்டில் மாநிலத்தின் 1,166 பிர்காக்களில் 462 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை, 79 நெருக்கடியில், 163 ஓரளவு நெருக்கடியில், 35 உப்பாகிவிட்டவை. பாதுகாப்பானவை 427 மட்டும்.

ஆயிரம் அடி பற்றி ஒரு வார்த்தை. கோவையில் கீழே இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் இருக்கும். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். மழைநீர் அங்கே போய்ச் சேரப் பல தலைமுறைகள் ஆகலாம். எண்ணூறு அடியில் கிடைத்த தண்ணீர் முதல் இரண்டு கோடைக்கு வேகமாக வரும், மூன்றாவது கோடையில் மோட்டார் காற்றை இழுக்கும். ரிக் வண்டிக்காரருக்கு அடிக் கணக்கில் கூலி. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவரிடம் விடாதீர்கள்.

தோட்டத்தில் வறண்டுபோன பழைய போர் ஒன்று கல்லை வைத்து மூடிக் கிடக்கிறது. அதை அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகி, மணப்பாறை அருகில்

விடவே கூடாது அம்மா. உங்கள் ஊர்ப்பக்கத்திலேயே, நடுக்காட்டுப்பட்டியில், 2019 அக்டோபரில் கைவிட்ட போரில் ஒரு குழந்தையை இழந்தோம். கல்லைக் குழந்தையோ ஆடோ நகர்த்திவிடும்.

உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரியில் இதற்கு வழிமுறை தந்திருக்கிறது. புதுப் போர் போடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே உரிய அதிகாரிகளுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். போடுகிற இடத்தில் பலகை வைத்து வேலி கட்ட வேண்டும். குழாயைச் சுற்றிச் சிமென்ட் மேடை அமைத்து, வாயை இரும்புத் தகட்டால் பற்றவைத்தோ போல்ட் போட்டோ மூட வேண்டும். கைவிட்ட போரைக் களிமண், மணல், கூழாங்கல், போர் போட்டபோது வந்த பாறைத் தூள் இவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். மேலே மட்டும் கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நிற்கும். அதனால் சிறிது சிறிதாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் கயிற்றில் கல் கட்டி இறக்கி, எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஊராட்சியில் எழுதிக் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். நிரப்பி முடிக்கும் வரை குழியைச் சுற்றி முள்வேலி இருக்கட்டும், ஆளும் இருக்கட்டும்.